செயலாளர் ஆண்டறிக்கை: இலவசமாக வந்த மாதிரிகளும் நம் கடமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்துக் கலைப்பொருள் செய்யும் நமக்கு முதல் மூலதனம் பிறர் உழைப்புதான். 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம் பொறியின் வரைபடத்தையே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2008இல் வந்த திங்கிவெர்ஸ் இணையதளம், மாதிரிகளை, அதாவது அச்சிடுவதற்கான கணினி வரைவுக் கோப்புகளை, பகிரும் பழக்கத்தைப் பரப்பியது. சிற்பங்களை முப்பரிமாணத்தில் படியெடுத்து இலவசமாகப் பகிரும், 2014இல் தொடங்கிய ஸ்கேன் தி வேர்ல்டு திட்டத்தின் புண்ணியத்தில், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் சிற்பத்தை நம் மேசைமேல் ஒரு சாண் உயரத்தில் வைத்து, பின்புற மடிப்பைக்கூட விரலால் தடவிப் பார்க்க முடிகிறது.

இவ்வாண்டு நம் பங்காக வெளியே போனவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒரு கோல அச்சு. மார்கழிக்காக உறுப்பினர் ஒருவர், தம் பாட்டியின் நோட்டிலிருந்த சிக்குக் கோலத்தைக் கணினியில் வரைந்தார். பொறியின் தட்டு 220 மி.மீ. சதுரமே என்பதால் நான்கு துண்டுகளாகப் பிரித்து அச்சிட்டார். முதல் முயற்சி வீணாயிற்று. சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து தன்னோடு தானே மூடிக்கொள்வதால், மாவு விழுவதற்காகக் கோடு இருந்த இடத்தைத் திறந்தவுடன் உள்பக்கத் துண்டுகள் பிடிமானமின்றித் தனித்தனியே கழன்று வந்தன. பிறகு கோட்டின் குறுக்கே ஆங்காங்கே 2 மி.மீ. அகலப் பாலங்கள் வைத்தார். அச்சைத் தூக்கியதும் அந்த இடைவெளிகளை மாவால் இழுத்துச் சேர்க்க வேண்டும். குறை என்று நாங்கள் நினைத்த அதுவே பாட்டிக்குப் பிடித்துப்போயிற்று. கைக்கும் கொஞ்சம் வேலை வேண்டாமா என்றார். பெயரைக் குறிப்பிட்டு, மாற்றியதை அதே உரிமத்தில், அதாவது அதே பயன்பாட்டு விதிகளோடு, பகிர வேண்டும் என்ற நிபந்தனையுடன் அந்தக் கோப்பு இப்போது யாருக்கும் கிடைக்கும்.

வருத்தத்தோடு ஒன்றையும் பதிவு செய்கிறேன். ஊர்க் கண்காட்சியில் நாம் போட்ட கடையில், வணிகப் பயன்பாடு கூடாது என்று உரிமத்தில் தெளிவாக எழுதியிருந்த பூச்சாடி மாதிரியை அச்சிட்டு விலை வைத்துவிட்டோம். கோப்பு இலவசம் என்றால் பொருளை விற்கலாம் என்று நாமே முடிவு செய்துகொண்டதுதான் தவறு. உரிமத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. மறுநாளே அவற்றை எடுத்துவிட்டு, வரைந்தவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, விற்ற பணத்தை அனுப்ப முன்வந்தோம். பணம் வேண்டாம், பெயரைப் போட்டுக் காட்சிக்கு வையுங்கள் என்று அவர் பதில் எழுதியபோது, அவர் பெருந்தன்மை நம்மை இன்னும் கூச வைத்தது. எல்லா உரிமமும் ஒன்றல்ல. 2020இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் பொதுவுக்கு விட்ட முப்பரிமாண மாதிரிகளுக்கு நிபந்தனையே இல்லை. அவற்றை விற்கவும் செய்யலாம். ஆகவே ஒவ்வொன்றையும் படித்துத்தான் தீர வேண்டும்.

மழைக்காலத்தில் பொறியில் உருக்கி அச்சிடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்து நூல் நூலாக இழுத்ததால், காற்றுப் புகாத டப்பாக்களும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சங்கத்தின் பெயரில் காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளுடனும், மாதிரியை வரைந்தவர் பெயரும் உரிமமும் எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைத்து, இவ்வறிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்