பிரிக் லேன்ல இருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

நல்லா இருக்கேன், குளிர் மட்டும்தான் இன்னும் ஒத்துக்கல. லண்டன்ல எந்தப் பக்கம் இருக்கே, ஏரியா எப்படின்னு போன்ல கேட்டீங்க, அப்ப பஸ்ல இருந்ததால ஒண்ணும் சரியா சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

கிழக்கு லண்டன்ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்னு ஒரு இடம், அதுல பிரிக் லேன்னு ஒரு தெரு, தெருப் பலகையே இங்கிலீஷ்லயும் வங்காளத்துலயும் எழுதியிருக்கும். கொஞ்சம் நடந்தா பேங்க்காரனோட கண்ணாடி டவர் எல்லாம் வந்துரும், ஆனா இந்தப் பக்கம் பூரா பழைய செங்கல் கட்டடம். பி.டபிள்யூ.டி.ல காலம் பூரா கட்டடத்தோட மல்லுக்கட்டுன ஆளு நீங்க, உங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு இருக்கு.

முக்கியமா அந்த மூலை மசூதி. 1743ல கட்டுனப்போ அது சர்ச். 1685ல பிரான்ஸ் ராஜா புராட்டஸ்டண்ட்காரங்களுக்கு இருந்த உரிமைய ரத்து பண்ணவும் அங்கருந்து தப்பிச்சு நிறைய பேர் இங்க வந்துட்டாங்க, ஹியூகெனாட்னு சொல்வாங்க, அவங்க சாமி கும்பிடக் கட்டுனது. பின்னாடி 1819ல மெத்தடிஸ்ட் சர்ச் ஆச்சு, 1898ல ரஷ்யா பக்கமிருந்து ஓடி வந்த யூதர்களோட ஜெபக்கூடம், 1976ல இருந்து வங்கதேசத்துக்காரங்க மசூதி. செவுரு அதே செவுரு சித்தப்பா! எப்படி எல்லாருக்கும் தோது பட்டுச்சுன்னா, உள்ள சிலை கிலை ஒண்ணும் கிடையாது, நீளமா ஒரு ஹால், பெரிய பெரிய ஜன்னல், அவ்வளவுதான். வெளிய மேல சூரியக் கடிகாரம் ஒண்ணு, 1743னு போட்டு இன்னும் அப்படியே இருக்கு. பக்கத்துல 2009ல மினார் மாதிரி ஒரு ஸ்டீல் டவர் நிறுத்தியிருக்காங்க, ராத்திரி லைட் மாறி மாறி எரியும், எனக்கு அது அவ்வளவா பிடிக்கல, ஆனா பழைய கட்டடத்தத் தொடாம தனியா நிறுத்துனது புத்திசாலித்தனம்.

மசூதிய ஒட்டி ஃபோர்னியர் தெருன்னு ஒண்ணு, பட்டு வியாபாரிங்களும் நெசவாளிங்களும் இருந்த வீடுங்க. மாடிக்கு மேல ஓட்டுக்குக் கீழ நீள ஜன்னல் வச்சிருப்பான், தறிக்கு வெளிச்சம் வேணும்ல. பட்டுத் தொழில் போனதும் அதே தெருவுங்கள்ல யூதர் தையல் மிஷின் போட்டான், அப்புறம் வங்கதேசத்து சில்ஹெட் பக்கத்துக்காரங்க கோட்டு, லெதர் ஜாக்கெட் தச்சாங்க. மதம் மாறுச்சு, பாஷை மாறுச்சு, தொழில் மட்டும் துணியச் சுத்தியே இருந்துருக்கு. 1977ல இந்தப் பக்கம் பழைய வீடுங்கள இடிக்க வந்தப்போ ஒரு கூட்டம் உள்ள போய்க் குடியேறி உக்காந்து தடுத்துச்சாம். இப்ப அங்க ஒரு வீடு மில்லியன் கணக்குல பவுண்டு, தறிக்காரன் பேரன் வந்தா வாசல்ல நின்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதான்.

எனக்கு மனசு ஒட்டுனது ப்ரூன் தெருவுல ஒரு கட்டடம். யூத ஏழைங்களுக்கான கஞ்சித்தொட்டின்னு வச்சுக்கோங்க, 1902ல கட்டுனது, அவங்க கணக்குல 5662, ரெண்டு வருஷத்தையும் முகப்புலயே பொறிச்சிருக்கு. வாசலுக்கு மேல சூப் கிண்ணம் ஒண்ணு புடைப்பா, ஒரு கதவு மேல உள்ளே போற வழி, இன்னொண்ணு மேல வெளியே போற வழின்னு எழுத்து. பசிச்சு வந்தவன் முட்டி மோதாம இருக்க அப்பவே யோசிச்சு கட்டியிருக்கான். 1992 வரைக்கும் சாப்பாடு போட்டிருக்காங்க. இப்ப உள்ள பணக்கார ஃபிளாட். கட்டடத்த இப்படிப் பாத்துப் பாத்துக் காப்பாத்துறானுங்க, உள்ள இருந்த ஆளுங்க எங்க போனா என்னங்கற மாதிரிதான் வாடகை இருக்கு, நாங்களே ஒரு வீட்ட நாலு பேரு பங்கு போட்டுத்தான் இருக்கோம்.

எல்லாமே இப்படின்னும் சொல்ல மாட்டேன். ஒயிட்சேப்பல் ரோட்டுல 1757ல திறந்த ஆஸ்பத்திரி, புது பில்டிங் பின்னாடி வரவும் பழசு சும்மா கெடந்துச்சு, அத இந்த ஏரியா கவுன்சிலே வாங்கி 2023ல டவுன் ஹால் ஆக்கிருச்சு. யார் வேணா உள்ள போலாம். அதே ரோட்டுல மணி வார்க்குற பட்டறை, பிக் பென் மணிய வார்த்த இடமே அதுதான், 2017ல மூடிட்டாங்க, ஓட்டல் ஆக்க 2021ல பர்மிஷனும் குடுத்துட்டாங்க. பிரிக் லேன்ல பழைய ட்ரூமன் பீர் ஃபேக்டரி, அது 1989ல மூடுனது, இப்ப கடை, பார், ஞாயித்துக்கிழமை சந்தைன்னு ஜேஜேன்னு இருக்கு, அங்க ஆபீஸ், ஷாப்பிங் மால் கட்டக் கூடாதுன்னு ஏரியா ஆளுங்க போட்ட சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு.

இதெல்லாம் பாக்கறப்ப நம்ம ஐயா வீடு ஞாபகம் வராம இருக்குமா. முகப்புல நிக்கிற பர்மா தேக்குத் தூண முனீஸ்வரன் கோயில் தெரு ஆன்டிக் கடைக்காரன் வந்து அளந்துட்டுப் போனான்னு அப்பத்தா சொன்னுச்சு. பங்காளிங்க யாரும் அங்க இருக்கப் போறதில்ல, எனக்கும் தெரியும். அதுக்குன்னு தூணு தூணா கழட்டி விக்கணுமா? வாடகைக்கு விடலாம், ஸ்கூலுக்குக் கேட்டா குடுக்கலாம், ஓட்டல்காரன் கேட்டாக் கூட முழுசா இருந்தா சரி. நீங்கதான் கட்டடம் தெரிஞ்சவரு, எடுத்துச் சொல்லுங்க. பங்காளிக் கூட்டம் என்னைக்குன்னு முன்னாடியே சொல்லிருங்க, வீடியோ கால்ல நானும் உக்காருறேன், எத்தன மணின்னாலும் பரவால்ல. தூணுக்கு மட்டும் என் கையெழுத்து கிடைக்காதுன்னு இப்பவே காதுல போட்டு வைங்க.

உங்க அண்ணன் மகன்