வெளியிலிருந்து சேர்த்த மென்பொருளுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கணினிகளின் பாதுகாப்பு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை கடவுச்சொல்லையும் வைரஸையும் பற்றி விரிவாகப் பேசியது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் மேல் நாம் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணினிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேரளப் பள்ளிகளில், லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள) இயங்குதளம் இருப்பது நமக்குப் பெருமை. ஆனால், உபுண்டுவின் எல்லா மென்பொருள்களுக்கும் ஒரே கவனிப்பு கிடைப்பதில்லை. 'மெயின்' என்ற முதன்மைப் பிரிவில் இருப்பவற்றுக்கு, நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறது. 'யூனிவர்ஸ்' என்ற இன்னொரு பிரிவு ஆர்வலர்களின் உழைப்பை நம்பியிருக்கிறது. பிள்ளைகள் படம் திருத்தப் பயன்படுத்தும் ஜிம்ப், ஒலி திருத்தும் ஆடாசிட்டி, காணொளி பார்க்கும் வி.எல்.சி. எல்லாம் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. உபுண்டுவின் 22.04 பதிப்பில் மேம்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால், கனோனிக்கலின் கூடுதல் ஆதரவுச் சேவையான 'உபுண்டு புரோ' வழியாக மேலும் திருத்தங்கள் பெறலாம் என்று ஒரு வரி வரும். அதையொட்டி, திருத்தம் காத்திருக்கும் மென்பொருள்களின் பெயர்கள், காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் என்று நீளும். கடைசி வரியில் மேம்படுத்தியவற்றின் எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று திரையை மூடிவிடுகிறார்கள். அதே இமேஜ்மேஜிக்கில் 2016-ஆம் ஆண்டு வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை, வஞ்சகமாகத் தயாரித்த ஒரு படக்கோப்பின் வழியே அந்நியரின் கட்டளையைக் கணினியில் ஓடவிடக்கூடியது.

இணையத்திலிருந்து இறக்கி நேரடியாக நிறுவும் 'டெப்' எனும் மென்பொருள் தொகுப்புக் கோப்புகளின் நிலை இன்னும் பரிதாபம். தமிழ்வழி வகுப்புகளுக்காகத் தட்டச்சுக் கருவியை இப்படிச் சேர்ப்பதை எங்கள் பகுதியில் பார்க்கிறேன். தேவை நியாயமானது, குறை சொல்லமாட்டேன். ஆனால், தனக்கென்று ஒரு களஞ்சிய (புதிய பதிப்புகள் கிடைக்கும் இணையக் கிடங்கின்) முகவரியைப் பதிந்துகொள்ளாத கோப்புக்குப் புதிய பதிப்பு வந்தாலும் கணினிக்குத் தெரியாது. முகவரி இருந்தாலும், இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்பட்டுவிடும். யாராவது கையால் திரும்ப இயக்கினால்தான் திருத்தங்கள் வரும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது நிறுவிவிட்டு மறு ஜூன்வரை தொடாமல் விடும் வழக்கம் நிற்க வேண்டும். வெளியிலிருந்து எதைச் சேர்த்தோம், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒவ்வொரு கணினி அறையிலும் ஒரு பதிவேடு எழுதி வைக்கலாம். அதை மாதம் ஒருமுறை சரிபார்க்கப் பள்ளிக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். 'உபுண்டு புரோ' தனிநபருக்கு 5 கணினிகள்வரை இலவசம். பள்ளிகள் அனைத்துக்குமான ஏற்பாட்டைக் கல்வித்துறைதான் செய்ய முடியும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் செய்யுமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.