நரசிம்ம ஜயந்திக்கு வரும் மகளுக்கு

மெலட்டூர்

சௌபாக்கியவதி மகளுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். உபயகுசலோபரி.

நரசிம்ம ஜயந்திக்குப் பேரனையும் அழைத்துக்கொண்டு வருவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து அப்பாவும் நானும் மகிழ்ந்தோம். முதல் இரவு பிரகலாத சரித்திரத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே பெங்களூருக்கு வண்டி ஏறிவிடுவதாகச் சொல்லியிருப்பதைத்தான் மனம் ஏற்கவில்லை. வெளியூரிலிருந்து நம் ஊர்ப் பாகவத மேளா நாட்டிய நாடகங்களைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாட்டியம் கற்ற நீயும் அவர்களுள் ஒருத்தியாக இருக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறேன். அப்பாவின் உத்தியோகம் காரணமாக நாம் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்ததால், நீ இந்த நாடகங்களைப் பார்த்ததெல்லாம் மடியில் படுத்துத் தூங்கிப்போகிற வயதில்தான்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்ததும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஜயந்தி அன்று இரவு பிரகலாதன் என்பது மாறாத வழக்கம். அடுத்து வரும் இரவுகளுக்கு அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், உஷா பரிணயம், ருக்மிணி கல்யாணம் ஆகியவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும் வாய்ப்பாட்டுக் கச்சேரியும் வெளியூர்க் கலைஞர்களின் பரதநாட்டியமும் இருக்கும். ஊரில் இரண்டு குழுக்கள் ஆடுவதைப் பற்றி உன் மாமியார் விசாரித்ததாக எழுதியிருந்தாய். அந்த வழக்கு நமக்கு வேண்டாம், இரண்டையும் பார்க்கலாம்.

இந்த நாடகங்களை எழுதியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்த காலத்தவர். அவர் தெலுங்கில் இயற்றிய நாடகங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். 1565இல் விஜயநகரம் வீழ்ந்த பிறகு தஞ்சை நாயக்கர்களை நாடி வந்த குடும்பங்களுக்கு அச்சுதப்ப நாயக்கர் இங்கே வீடும் நிலமும் அளித்தார் என்பது ஊர் வரலாறு. அச்சுதபுரம் என்ற பழைய பெயரும் அதனால்தான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் சங்கீதம் கற்றுக்கொண்டது இந்த ஊர் வீரபத்ரய்யாவிடம் என்பதை நீ படித்திருப்பாய். பிற்காலத்தில் பரதம் நடேச ஐயர் இந்தக் கலைக்கு உயிர் கொடுத்தார், பிறகு இ. கிருஷ்ண ஐயர் அதை வெளியுலகம் அறியச் செய்தார். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் இதே நாடகங்களில் சிலவற்றைத் தம் பாணியில் மேடையேற்றினார். நீ கற்றுக்கொண்ட மாங்குடி துரைராஜ ஐயரின் சுத்த நிருத்தம் என்ற தாள ஆட்டமும் இந்த ஊர் மரபிலிருந்து சென்றதுதான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே, தெருவிலேயே பந்தல் போட்டு மேடை அமைப்பார்கள். மேடைக்கும் சன்னிதிக்கும் இடைப்பட்ட தெருவில் ஜமக்காளத்தையோ பாயையோ விரித்து நாம் உட்கார வேண்டும். ஆடுபவர்கள் நம் தலைக்கு மேலே சுவாமியைப் பார்த்து ஆடுகிறார்களே தவிர நமக்காக ஆடுவதில்லை. கைதட்டலுக்காக நின்று பார்க்கும் வழக்கமும் இல்லை. அரங்கத்தில் ஆடிப் பழகிய உனக்கு முதலில் இது விசித்திரமாகத் தோன்றலாம்.

இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். விடிய விடிய நடக்கும். கூம்புக் குல்லாய் அணிந்த கோணங்கி முதலில் துள்ளிக்கொண்டு வந்து சபையைக் கலகலப்பாக்குவான். பேரன் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. பிறகு பாகவதர்கள் தொடக்க வாழ்த்தான தோடய மங்களம் பாடுவார்கள். அதன்பின் யானைமுகம் தரித்த ஒரு சிறுவன் கணபதியாக வந்து சில அடிகள் ஆடிவிட்டுப் போவான். பிள்ளைக்கு இந்த வேடம் கட்டுவதாக வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. முகமூடிக்குள் வேர்த்து வழிகிற அந்தக் குழந்தையைத் தகப்பனார் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மேடையோரம் அழைத்து வருவதையும், ஜதி தொடங்கியதும் கையை விட்டுவிட்டு, தாமும் தாளம் போட்டுக்கொண்டு நிற்பதையும் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே நான் எப்போதும் முன்வரிசையில் இடம் பிடிப்பேன். கட்டியக்காரன் வந்து இரணியன் வருகையை அறிவிப்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

ஒவ்வொரு பாத்திரமும் திரைக்குப் பின்னிருந்து தன் பிரவேச தருவுடன், அதாவது வருகைப் பாட்டுடன், வெளிப்படும். இருவர் பிடித்திருக்கும் திரை விலகுவதற்குள் பாட்டு பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். ஆடுபவர் செய்ய வேண்டியது அந்தக் குணத்தை உடம்பில் கொண்டுவருவது மட்டும்தான். இதில் பிரகலாதனின் தாய் லீலாவதியின் பிரவேசத்தை நீ கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். பெண்கள் இந்த நாடகங்களில் வேடம் கட்டுவதில்லை; லீலாவதியும் ஆண்தான். நீ இதைப் படிக்கும்போதே முகம் சுளிப்பாய் என்று தெரியும். பெண்களுக்கு இடமில்லாததைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் வயதான ஒருவர் புடவையும் ஜடையும் தரித்து, மகனைக் கொல்லச் சொல்லும் கணவனுக்கும் மகனுக்கும் நடுவில் நிற்கும் தாயாக ஒரு வரியைத் திரும்பத் திரும்ப அபிநயிக்கும்போது, வேடத்தைக் கட்டியவர் யார் என்ற கேள்வியே மறந்துபோகிறது. பெண்ணைப் போல நளினம் காட்டுவது அவர்களுடைய நோக்கமாக இல்லை. உன் வகுப்பில் நீ சொல்லிக்கொடுக்கும், ஒரே வரியைப் பலவிதமாக விரித்துக் காட்டும் சஞ்சாரி பாவத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நரசிம்மர் வருவது விடியற்காலையில். அந்த முகமூடி நாடகச் சாமானாக வைக்கப்பட்டிருப்பதன்று; ஆண்டு முழுவதும் பூஜையில் இருப்பது. அதை அணிபவர் அன்று உபவாசம் இருப்பார். அணிந்ததும் ஆவேசம் வந்துவிடும் என்பதால் பலர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் இரணியனும் நரசிம்மரும் பாட்டிலேயே வாதம் செய்வார்கள். வயிற்றைக் கிழிக்கும் காட்சி நடிக்கப்படுவதில்லை. ஆகையால் பேரன் பயந்துவிடுவானோ என்ற உன் கவலைக்கு அவசியமில்லை. கூட்டம் எழுந்து நெருக்கும் அந்த நேரத்தில் மட்டும் அவனைத் தாத்தாவின் தோளில் ஏற்றிவிடு. தொலைபேசியில் படமெடுக்கக் கை தூக்குபவர்களால் இப்போதெல்லாம் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை; நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நீ கிளம்பினால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவது போலத்தான். முதல் இரவில் கூட்டத்தின் கண் முழுவதும் முகமூடியின் மேலேயே இருக்கிறது. எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் ஒரு தருவை நிதானமாகக் கேட்க முடிவதில்லை. பாடுபவர்களும் நேரத்தை நினைத்துச் சற்றே விரைகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மறுநாளிலிருந்து ஊர்க்காரர்களும், இதற்காகவே வரும் சில ரசிகர்களும்தான் இருப்பார்கள். அரிச்சந்திரனில் எதிர்பார்த்துக் காத்திருக்க அற்புதம் எதுவும் கிடையாது. மயானத்தில் பிள்ளையின் உடலோடு நிற்கும் சந்திரமதியிடம், அவள் யாரென்று அறியாத கணவன் சுடுகாட்டுக் கூலியைக் கேட்கிறான். கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், அதை எப்படிப் பாடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஓர் உணர்ச்சியிலேயே நிற்கிறார்கள் என்பதை மட்டுமே கவனிக்கலாம். வயலினும் மிருதங்கமும் அடங்கி, நட்டுவாங்கத் தாளம் மட்டும் மெல்லக் கேட்கும் அத்தகைய இடங்களில்தான் வெங்கடராம சாஸ்திரியின் சங்கீதம் எத்தகையது என்று புரிகிறது. தெலுங்கு புரியாதே என்று தயங்காதே. இத்தனை வருடம் கன்னடத்தோடு பழகிய உனக்குப் பாதி தானாகவே விளங்கிவிடும், மீதியை நான் சொல்கிறேன்.

விடுப்பு கிடைக்காது என்று சொல்லாதே. வேடம் கட்டுபவர்களே இப்போது வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் வேலை பார்ப்பவர்கள்தான். பரம்பரையாக வந்த பாத்திரத்தை விடக் கூடாது என்பதற்காக, வெளியூர்களிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு சில நாட்கள் முன்னதாகவே வந்து ஒத்திகை பார்க்கிறார்கள். நீயும் ஒருநாள் முன்னதாக வந்தால், மாலையில் திண்ணையோரம் உட்கார்ந்து அந்த ஒத்திகையைக் கேட்கலாம். வேடமில்லாமல் வேட்டியோடு ஒருவர் லீலாவதியின் தருவைப் பாடிப் பார்ப்பது எனக்கு நாடகத்துக்கு இணையான விருந்து.

மைசூரிலிருந்து உங்கள் ஊர் வழியாக வரும் வண்டியில் தஞ்சாவூரில் இறங்கிவிடு; அப்பா கார் ஏற்பாடு செய்துவிடுவார். திரும்புவதற்கு முன்பதிவு செய்யும்போது அரிச்சந்திரனையும் அதற்கடுத்த நாடகத்தையும் கணக்கில் வைத்துக்கொள். பகலில் நன்றாகத் தூங்கினால்தான் இரவில் கண் விழிக்க முடியும் என்பதைப் பேரனுக்கு இப்போதே சொல்லி வை. வெயில் கடுமையாக இருக்கிறது. பருத்தித் துணிகளே போதும். கொசுவர்த்தி, விசிறி, பிளாஸ்கில் காபி எல்லாம் என் பொறுப்பு. திருக்கருகாவூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் காலை அம்பாளைத் தரிசித்துவிட்டு வரலாம் என்று அப்பா சொல்கிறார். மாப்பிள்ளைக்கும் சேர்த்து விடுப்பு கேட்டுப் பார்க்கவும். எந்தத் தேதிக்குப் பதிவு செய்தாய் என்று தெரிவித்தால், முன்வரிசையில் உங்களுக்கும் பாய் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உன் அம்மா