காவி கட்டியவர் எல்லாம் ஆதீனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காவி கட்டி யார் வந்தாலும் 'ஆதீன சுவாமிகள்' என்று போட்டுவிடுகிறார்கள். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸில் ராமகிருஷ்ண மிஷன் துறவி ஒருவரையும் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். மழையில் பாதி ஊறிப்போய் அது இன்னும் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆதீனம் என்பது சைவ சித்தாந்த மரபில் வந்த மடம், திருவாவடுதுறை, தருமபுரம் மாதிரி. குரு தனக்குப் பின் இன்னார் என்று ஒரு சீடரைக் காட்டிவிட்டுப் போவார், ஆதீனத் தலைவராக இருப்பவரைக் குருமகா சந்நிதானம் என்போம், கோயில்களும் நிலபுலன்களும் அதன் பொறுப்பில் இருக்கும். நம் இலங்கையில் யாழ்ப்பாணத்து நல்லை ஆதீனம் இந்த வகை. சிருங்கேரி மடம் வேறு, அது கடவுளும் உயிரும் ஒன்றே என்கிற அத்வைத மரபு. ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் 1897இல் தொடங்கியது. துறவிகளின் சங்கம் ராமகிருஷ்ண மடம்; பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்று தொண்டு பார்ப்பது மிஷன்; இரண்டுக்கும் தலைமையகம் கொல்கத்தா பக்கத்துப் பேலூர்தான். றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைக் கட்டிய சின்மயா மிஷன் இன்னொரு தனி அமைப்பு. ஆசிரமத்துக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, ஒரு குருவைச் சுற்றி நாலு பேர் தங்கினாலே ஆசிரமம்தான்.

அப்புறம், கதிர்காமம் போகிறவர்கள் 'மடத்தில் தங்கினோம்' என்பார்களே, அங்கே சாமியார் இருக்கவேண்டும் என்றில்லை, யாத்திரிகர் தங்குகிற இடம், அவ்வளவுதான். சின்ன வயதில் மடம் என்றாலே சோறு போடும் இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்!

நோட்டீஸ் அடிக்கிறவர்கள் வருகிற சுவாமியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் என்ன? உங்கள் செய்தியாளர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்