‘நகல் மருந்து’ கட்டுரை குறித்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மருந்துத் தொழில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கிறார்கள், நம்மவர்கள் நகல் எடுக்கிறார்கள்’ என்ற வரி உறுத்திக்கொண்டே இருந்தது. திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. முடித்து மும்பைக்கு வந்தவள் நான். தானே-பேலாப்பூர் சாலையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ஓய்வு பெறும்வரை அந்த ‘நகல்’ வேலையைத்தான் பார்த்தேன்.

1970 காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். 2005 வரை இதுதான் நிலைமை. மூலக்கூறு எது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்குப் போகிற வழியை நாமே போட வேண்டும், அடுத்தவர் போட்ட வழியில் போனால் வழக்கு வரும். இங்கே கிடைக்கிற மூலப்பொருள், கட்டுப்படியாகிற கரைப்பான், ஆலை தாங்குகிற சூடு எல்லாவற்றுக்கும் அந்த வழி ஒத்துவரவும் வேண்டும்.

ஒரு படியை மட்டும் சொல்கிறேன். ஒரு லிட்டர் குடுவையை ஐஸில் வைத்து அமிலக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதையே இரண்டாயிரம் லிட்டர் ரியாக்டரில் செய்தால், கிளம்புகிற சூடு வெளியேற வழியிருக்காது. கொள்ளளவு பெருகுகிற அளவுக்குச் சுவரின் பரப்பு பெருகுவதில்லை. அதனால் மணிக்கணக்கில் மெதுவாக விட வேண்டும். அத்தனை நேரம் உள்ளே உருவான பொருள் சும்மா இருக்குமா? வந்து விழுகிற குளோரைடோடு மறுபடியும் சேரும். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால், நம் புள்ளிக்கு மேலே மங்கலாக இன்னொரு புள்ளி உட்கார்ந்திருக்கும்.

பெரும்பாலான மருந்துகளில் இப்படி ஒரு வேண்டாத பொருள் 0.10 விழுக்காட்டைத் தாண்டினாலே அது இன்னதென்று சொல்லியாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஹெக்சேன், எத்தில் அசிடேட் என்ற கரைப்பான்களை ஊற்றி அதைப் பிரிக்க வேண்டும். என்.எம்.ஆர். என்ற காந்தப்புலச் சோதனை எடுத்து அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே பொருளை நாமே சுத்தமாகத் தயாரிக்கவும் வேண்டும். மருந்தில் எது இருக்கவே கூடாதோ அதை மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. (நாற்றமடிக்கும் பிரிடின் கரைப்பானைக் கையாண்ட நாட்களில் ஹார்பர் லைன் லேடீஸ் பெட்டியில் எனக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். அது வேறு கதை.)

கட்டுரையாளர் மாட்டுங்காவுக்கு ஒரு நடை போய் வந்திருக்கலாம். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கிய யு.டி.சி.டி.தான் அங்கே இருக்கும் இன்றைய ஐ.சி.டி. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். கரிம வேதியியல் பாடத்தில் வரும் பேக்கர்-வெங்கட்ராமன் வினையில் இருப்பது அவர் பெயர்தான். அங்கே அவரிடம் ஆய்வு செய்த நித்யா ஆனந்த், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமான சி.டி.ஆர்.ஐ.க்குப் போய்ச் சென்ட்குரோமனை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். ஹார்மோன் இல்லாத அந்தக் கருத்தடை மாத்திரை, ‘சஹேலி’, முழுக்க முழுக்க இங்கே கண்டுபிடித்தது. வெங்கட்ராமன் பிறகு புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகமான என்.சி.எல். இயக்குநரானார். அங்கே அவரிடம் ஆய்வு செய்த ஏ.வி. ராமராவ், எய்ட்ஸ் மருந்து ஏ.இசட்.டி.யை மலிவாகச் செய்ய வழி போட்டு இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லாவுக்குக் கொடுத்தார். கட்டுரையின் கணக்குப்படி முதலாவது கண்டுபிடிப்பு, இரண்டாவது நகல். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்! மூன்று எய்ட்ஸ் மருந்துகளைச் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக 2001-ல் சிப்லா சொன்னபோது, பணக்கார நாடுகளில் அதே சிகிச்சைக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது.

புது மருந்து இங்கிருந்து வருவது குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஒரு மூலக்கூறு மனிதர்களிடம் செய்யும் சோதனையையெல்லாம் தாண்டி வரும்வரை பத்து வருடத்துக்கும் மேல் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்க இங்கே முதலாளிகள் தயாராக இல்லை. அந்தக் குறையை ஆய்வுக்கூடத்தில் நிற்பவர்கள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி 1963-ல் மும்பை கோரேகாவில் சிபா மருந்துக் கம்பெனி நடத்திய ஆய்வு மையத்துக்குத் தலைமையேற்க வந்தார். மனச்சோர்வுக்கான நைட்ராக்ஸாசெபைன் அங்கே உருவாகி ‘சின்டாமில்’ என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. காத்திருக்க ஒரு கம்பெனி இருந்தபோது நம் ஆட்களால் முடிந்திருக்கிறது.

இன்னொன்று. உங்கள் மாணவர் பக்கத்தில் எம்.எஸ்ஸி. கரிம வேதியியலுக்கு எதிரே ‘ஆசிரியர் பணி’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மருந்து ஆய்வுக்கூடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையில் சேரும் முன் அங்கே நச்சுப்புகையை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். நான் இருந்த இடத்தில் பாதி நாள் அது ஓடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்து வேதியியலாளர்,
செம்பூர், மும்பை.