மணிக்கு அரை கிலோமீட்டர் கேட்கிறோம்

மலைப்பகுதி வாடகை மையங்களுக்கு டிராக்டர் தேர்வு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலைக்கு இந்த முறையும் வந்து இறங்கியிருப்பது 8 முன் கியர், 2 பின் கியர் வண்டிதான். பெயிண்ட் பளபளக்கிறது, பம்பரில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. மெதுவான ‘லோ’ வரிசையில் முதல் கியர் போட்டால் மணிக்கு 2.2 கி.மீ. போகிறது. போன முறை வந்ததும் இதே வேகம்தான். அப்போது கொடுத்த மனு உங்கள் கோப்பில் இருக்கும். பழைய கதையைத் திரும்ப எழுதவில்லை. முக்கியமாகக் கேட்பது ஒன்று: பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு, அதாவது பி.டி.ஓ., நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது மணிக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் போகாத ஒரு கியர் உள்ள வண்டி வேண்டும்.

2.2 கி.மீ. என்றால் ஆள் நடப்பதைவிட மெதுவாயிற்றே, இன்னும் என்ன மெதுவு என்று தோன்றலாம். நாற்று நடும் கருவியின் பின் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அந்த வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 36 மீட்டர் ஓடும். முட்டைகோஸுக்கு 40 செ.மீ.க்கு ஒரு நாற்று. ஆக, நிமிடத்துக்கு 90 நாற்று. தட்டிலிருந்து ஒன்றைப் பிரித்து, வேர் கீழே பார்க்கத் திருப்பி, சுற்றி வரும் குவளைக்குள் விட ஒரு விநாடிகூடக் கிடைக்காது. கை தேர்ந்த பெண்ணே நிமிடத்துக்கு 35, 40 போடுவார். பனிக்காலைக் குளிரில் விரல் விறைத்துப்போனால் அதுவும் இல்லை.

அப்புறம் ஓட்டுநர் என்ன செய்வார்? கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நகர்த்துவார். நாலு குவளை நிரம்பும்வரை ஓட்டம், பிறகு நிறுத்தம், மறுபடி ஒரு குலுக்கல். குலுங்கும் இடத்தில் நாற்று சாயும், நின்று கிளம்பும் இடத்தில் அடியில் மண் மூடாமல் வேர் வெளியே கிடக்கும். பின்னாலேயே இரண்டு பேர் கூடையோடு நடந்து, விட்டுப்போன குழிகளைக் கையால் நட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆள் கூலியை மிச்சம் பண்ண வந்த கருவிக்குப் பின்னால் ஆள் வைத்து நடுகிற விநோதம் இது. மதியத்துக்குள் கிளட்ச் கருகும் வாடை வரும். பாதி மிதித்த கிளட்சில் பிளேட் வழுக்கிக்கொண்டே இருப்பதால் லைனிங் கண்ணாடி போல வழவழத்துவிடும், பிரஷர் பிளேட் சூடேறி நீலம் பாயும், ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பிக்கும். அந்த ஒரு பிளேட்டை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெக்கானிக்கும் சாமானும் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரவேண்டும். அதற்குள் நாற்று முற்றிவிடும்.

‘ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள்’ என்று ஒரு பதில் வந்தது. கணக்கு பார்த்துவிட்டே சொல்கிறோம். என்ஜின் நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 2.2 போகும் வண்டி, 1,000 சுற்றில் 1 கி.மீ. போகும். சமதரையில் கோஸுக்கு அது ஏறக்குறையச் சரிப்படும். ஆனால் இது 2,000 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சின்ன என்ஜினுக்கு மூச்சு ஏற்கெனவே வாங்குகிறது. 1,000 சுற்றில் சரிவு ஏறும்போது ஒரு கல் தடுத்தால் போதும், அணைந்துவிடும். பூண்டுக்கோ இந்த யோசனை கிட்டவே வராது. 10 செ.மீ.க்கு ஒரு பல் என்றால் 1 கி.மீ. வேகத்தில்கூட நிமிடத்துக்கு 166 பல். வண்டி இழுக்கும் மேடையில் உட்கார்ந்து கையால் ஊன்றுகிறவர்களுக்கு மணிக்கு 250 மீட்டர் போனால்தான் கட்டும். அரை கிலோமீட்டர் கியர் இருந்தால், என்ஜினைப் பாதிச் சுற்றுக்கு இறக்கி இதைப் பிடித்துவிடலாம். பல் சக்கரம் பெருக்கிக் கொடுக்கும் இழுவை கையில் இருப்பதால் என்ஜின் திணறாது.

சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வேலையில் அந்தப் பதில் இன்னும் செல்லாது. ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்து குறையும். வண்டி மெதுவாகவும் கத்தி வேகமாகவும் ஓடவேண்டும்; அதற்குக் கியர் ஒன்றே வழி. ரோட்டர் 200 சுற்று, ஒரு பக்கத்துக்கு 3 கத்தி என்றால் நிமிடத்துக்கு 600 வெட்டு. 2.2 கி.மீ.யில் ஒரு வெட்டுக்கு 6 செ.மீ. கட்டி விழும். கேரட் பாத்திக்கு அது ஆகாது, கிழங்கு கட்டியில் முட்டிக் கவட்டையாகிவிடும். 1.2 கி.மீ.யில் வெட்டு 3 செ.மீ. சொச்சத்துக்கு வரும், ஒரே ஓட்டத்தில் பாத்தி பதமாகும். இரண்டு ஓட்டம் வேண்டாம், டீசலும் மிச்சம். அதற்காக ரோட்டவேட்டரையும் அரை கிலோமீட்டரில் ஓட்டக்கூடாது. வெட்டு ஒன்றரை செ.மீ. ஆகி மண் மாவாகும், ஐப்பசி மழையில் படிக்கட்டு நிலத்து மேல்மண் ஓடைக்குப் போய்விடும். ஆகவே ஊர்ந்து போக வைக்கும் கிரீப்பர் கியர் ஒன்று மட்டும் போதாது. லோ வரிசைக் கியர்கள் எல்லாவற்றுக்கும் கிரீப்பர் விழ வேண்டும். நாலரைக்கு ஒன்று என்ற குறைப்பு இருந்தால் 2.2 போகும் முதல் கியர் 0.49 ஆகும், 4.6 போகும் மூன்றாவது கியர் 1 கி.மீ. சொச்சமாகும். நடவுக்கு ஒன்று, பாத்திக்கு ஒன்று என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்வார்.

சரிபார்ப்பதும் எளிது. பின் டயர் ஒரு சுற்றுக்கு 3 மீட்டர் உருளும் என்றால், அரை கிலோமீட்டருக்கு டயர் நிமிடத்தில் 2.8 சுற்றுதான் சுற்றவேண்டும். என்ஜின் 2,200. மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 790-க்கு ஒன்று. இப்போது வந்திருக்கும் வண்டியில் அது 180-க்கு ஒன்று. டயரைச் சின்னதாக மாற்றி இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாடிக் வண்டி வாங்கலாமா என்றும் உங்களில் சிலர் கேட்டீர்கள். குறுகிய படிக்கட்டு நிலத்தில் முன்னும் பின்னும் திருப்ப அதைப்போல சுகம் வேறில்லை, கிளட்ச் தொந்தரவும் கிடையாது. ஆனால் நாளுக்கொரு ஓட்டுநர் மாறி ஏறும் வாடகை மையத்துக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பல் சக்கரத்தைவிட சக்தி விரயம் அதிகம், அது சூடாகத்தான் வெளியே வரும். எண்ணெயும் ஃபில்டரும் சொன்ன தரத்தில், சொன்ன மணிக்கணக்கில் மாற்றியாக வேண்டும். வேகத்தைப் பூட்டிவைக்கும் வசதி இல்லையென்றால் காலால் பெடலை 0.4-இல் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது, சரிவுக்குத் தக்கபடி வேகம் கூடும் குறையும். இயந்திரக் கிரீப்பர் முரடு, ஆனால் சொன்ன சொல் தவறாது.

கூடவே பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் இருக்கவேண்டும். இரட்டைக் கிளட்சாவது வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் நிறுத்த மிதித்தால் கத்தியும் நின்றுவிடும், மண்ணுக்குள் நின்ற கத்தியை மறுபடி கிளப்பும்போது ஷாஃப்ட் முறுக்கு வாங்கும். 540 சுற்றைக் குறைந்த என்ஜின் வேகத்திலேயே தரும் எக்கானமி பி.டி.ஓ. இருந்தால் இன்னும் நல்லது, அதே அளவுக்குத் தரை வேகமும் இறங்கும்.

கிரீப்பரில் ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. இழுவை அவ்வளவு கூடிவிடுவதால் கருவி பாறையில் மாட்டினால் என்ஜின் அணைந்து எச்சரிக்காது. டயர் வழுக்கும், வழுக்காவிட்டால் பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் சக்கரத்தின் பல் போகும், அல்லது முன்பக்கம் தூக்கும். ஆகவே கலப்பை இழுக்கவோ சேற்றில் மாட்டிய லாரியை இழுக்கவோ அந்தக் கியர் கூடாது. வண்டி நின்ற பிறகே மாற்றவேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிக்கவே கூடாது, பிடித்துவைத்திருப்பதே கியர்தான். முன் எடைக் கட்டிகளையும் சேர்த்து அனுப்புங்கள். இதையெல்லாம் ஒரு பக்கத் தமிழ்த் தாளில் அச்சிட்டு மட்கார்டில் ஒட்டினால் போதும்.

வண்டியோடு வந்த விளம்பரத் தாளில் ‘அதிகபட்ச வேகம் 30 கி.மீ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மன்னவனூர் ரோட்டு வளைவில் 30-இல் டிராக்டர் ஓட்டுகிறவர் அடுத்த நாள் கடன் தவணை கட்டத் தேவையிருக்காது. தஞ்சாவூர்ச் சமவெளிக்கு எழுதிய விவரக்குறிப்பில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மலைக்கு அனுப்பினால் இப்படித்தான் வரும். குதிரைத்திறன் எவ்வளவு, மானியம் எவ்வளவு, சாவி கொடுக்கும் படத்தில் யார் யார் நிற்பது என்பதெல்லாம் துல்லியமாக முடிவாகிறது. எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்க மட்டும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது கியர். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள அரசு டிராக்டர் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு கியருக்கும் உரிய வேகம் அச்சாகியிருக்கும். விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அடுத்த விவரக்குறிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘பி.டி.ஓ. 540 சுற்றில் குறைந்தபட்சத் தரை வேகம் மணிக்கு 0.5 கி.மீ.க்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.’ தயவுசெய்து இதைச் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேல்மலை வாடகை டிராக்டர் ஓட்டுநர்கள், நடவுப் பெண்கள்

பி.கு.: அதுவரை இப்போதைய வண்டியை வைத்துத்தான் நட வேண்டும். அதற்கு ஒரு கிளட்ச் பிளேட்டும் ஒரு ரிலீஸ் பேரிங்கும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.