ஷட்டர் சரி, கரை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கணினிக் கட்டுரையில், பிழையே இல்லாத இயங்குதளம் (கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள்) சாத்தியமில்லை, 1936-லேயே ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதை நிரூபித்துவிட்டார் என்று ஒரு வரி. முப்பத்திரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவனால் அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

டூரிங் காட்டியது வேறு. எந்த நிரலைக் (கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பைக்) கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நிற்காதா என்று தவறாமல் சொல்லிவிடக்கூடிய ஒரே பொது வழிமுறை கிடையாது என்பதைத்தான். குறிப்பிட்ட ஒரு நிரலை முன்னால் வைத்துக்கொண்டு, அது சரி என்று உட்கார்ந்து நிரூபிப்பதை அவர் தடுக்கவில்லை. எல்லாக் கணக்குக்கும் ஒரே வழி இல்லை என்பதால் எந்தக் கணக்கையும் போட முடியாது என்று ஆகிவிடுமா? (என் மாணவர்கள் சிலர் அப்படியும் சொல்லிப் பார்த்தார்கள்.)

நிரூபித்தும் இருக்கிறார்கள். எஸ்இஎல்4 என்று மிகச் சிறிய ஓர் இயங்குதளக் கரு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 2009-ல் ஆஸ்திரேலியாவில் முடித்தார்கள். சி என்ற நிரல் மொழியில் சுமார் 8,700 வரி. அதற்கான நிரூபணம் சுமார் 2,00,000 வரி! மனிதக் கண்ணை மட்டும் நம்பாமல், இசபெல் என்ற மென்பொருளைக் கொண்டு படிப்படியாகச் சரிபார்த்தார்கள். நம் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கருவோ மூன்று கோடி வரியைத் தாண்டிவிட்டது. அதே விகிதத்தில் பெருக்கிப் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வடிவியல் தேற்றத்தில் முதலில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று எழுத வேண்டும். பையன்கள் அதை விட்டுவிட்டு நேரே நிரூபணத்துக்குப் பாய்வார்கள். மதிப்பெண்ணைக் குறைப்பேன். அந்த 2009 நிரூபணத்துக்கும் கொடுக்கப்பட்டவை உண்டு: சில்லு ஒழுங்காக வேலை செய்யும், நாம் எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக்கும் கம்பைலர் சரியாக மொழிபெயர்க்கும். நிரூபித்தது, எழுதிவைத்த விவரக்குறிப்பின்படியே கரு நடக்கும் என்பதை. குறிப்பையே தப்பாக எழுதியிருந்தால் கருவும் அந்தத் தப்பைத்தான் அப்படியே செய்யும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று சில்லுகளிலேயே ஓட்டை வெளிவந்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா குடமுருட்டி ஆற்றில் லஸ்கர், மதகைத் திறந்து மூடும் வேலை. மேட்டூர் திறப்பதற்கு முன்னால், வைகாசியிலேயே ஷட்டர்களுக்கு கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவார். அவர் கையில் இருந்த மதகு ஒருநாளும் சிக்கியதில்லை. ஓர் ஐப்பசி ராத்திரி, மதகிலிருந்து நாற்பதடி தள்ளிக் கரை உடைத்துக்கொண்டது. நண்டு வளை. தெருவே மணல் மூட்டையோடு ஓடியது. மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, “ஷட்டர் சரியாத்தாங்க இருந்துச்சு” என்றார். அதில் பொய் இல்லை. எங்கள் ஒன்றரை மா நடவு போனதும் பொய் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி எந்த மென்பொருளையாவது ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதினால், கொடுக்கப்பட்டவை என்னென்ன என்று பக்கத்திலேயே இரண்டு வரி போடுங்கள். டூரிங் பெயரை அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிடலாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.